ஓடம் வண்டியில் ஏறிய போர்

போன மாதம் பினாங்கு லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். படைகளை நகர்த்தி விளையாடும் விளையாட்டில் அவனுக்கு ரொம்ப ஈடுபாடு. “மாமா, பாஸ்ராவில் இருந்து பாக்தாத்துக்கு நேர்கோட்டில் 450 கிலோமீட்டர்தான். ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடந்தால்கூட ஒரு மாதம் ஆகாது. முதல் உலகப் போரில் வெள்ளைக்காரன் 1914 நவம்பரில் பாஸ்ராவைப் பிடித்தான், பாக்தாத்துக்குள் நுழைந்தது 1917 மார்ச்சில். நடுவில் ரெண்டு வருஷத்துக்கு மேல் என்ன பண்ணிக்கொண்டிருந்தான்?”

நல்ல கேள்வி. அன்றைக்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது, அதற்குள் கடையில் கூட்டம் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். நான் போர் வீரனும் இல்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. முப்பது வருடமாக பட்டர்வொர்த் துறைமுகப் பக்கம் சரக்கு ஏற்றி இறக்கி அனுப்புகிற தொழில் செய்கிறவன். இந்தப் படையெடுப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதே, அது துப்பாக்கியால் முடிவான சண்டையாகத் தெரியாமல், எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற சங்கதியால் முடிவானதாகத் தெரிந்ததால்தான். எத்தனை படகு, எத்தனை அடி தண்ணீர், இறக்குகிற இடத்தில் எத்தனை நாள் காத்திருப்பு, இவ்வளவுதான் அதன் சாரம்.

முதலில் அந்த நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தெற்கு ஈராக்கைப் பற்றிச் சொல்கிறவர்கள் சதுப்பு, ஆறு, பாலைவனம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள், ஏதோ மூன்று தனித்தனி வட்டாரம் மாதிரி. அப்படி இல்லை. பெரும்பாலான இடத்தில் அது ஒரே நிலம், மாதத்துக்கு மாதம் வேஷம் மாறுகிறது. டைகிரிஸும் யூப்ரடீஸும் துருக்கி மலைகளில் இருந்து வருகின்றன. மார்ச் முதல் மே வரை அங்கே பனி உருகும்போது ஆறு கரையை மீறிப் பரவி, மைல் கணக்கில் நாணலும் தண்ணீருமாக ஆகிவிடும். ஆகஸ்டு தாண்டினால் அதே ஆறு சுருங்கி, சில திருப்பங்களில் மூன்றரை அடி ஆழம்கூடத் தேறாது. பரவியிருந்த இடம் காய்ந்து வெடித்து, நிழலுக்கு ஒரு மரம் இல்லாத பொட்டல் ஆகிவிடும். இதற்கு நடுவில் குளிர்காலத்தில் மழை. கல்லே இல்லாத வண்டல் மண் அது. காய்ந்தால் செங்கல், ஒரு நாள் மழை பெய்தால் சக்கரத்தை அச்சுவரை விழுங்குகிற பிசின். சாலை போடலாம் என்றால் ஜல்லி கிடையாது, பாலம் போடலாம் என்றால் மரம் கிடையாது, அடுப்பெரிக்க விறகுகூட இந்தியாவில் இருந்து கப்பலில் வந்தது.

ஆக அங்கே படை நடத்துகிறவன் கையில் முதலில் இருக்க வேண்டியது நாட்காட்டி. வரைபடம் அதற்கு அப்புறம்தான்.

இதை நான் சொந்த அனுபவத்தில் கொஞ்சம் பட்டிருக்கிறேன். ஒரு முறை கெடாவில் வயல்வெளிக்கு நடுவே ஒரு கட்டுமான இடத்துக்குக் கனரகச் சாமான் அனுப்புகிற வேலை வந்தது. பிப்ரவரியில் போய் வழியைப் பார்த்தோம், மண் பாதை கல் மாதிரி இருந்தது, லோரி தாராளமாகப் போகும் என்று எழுதிக் கொடுத்தோம். சாமான் வந்து சேர்ந்தது அக்டோபரில். வடக்கே அந்த மாதம் எப்படிப் பெய்யும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். முதல் லோரியே பாதி வழியில் புதைந்து, அதை இழுக்கப் போன இயந்திரமும் புதைந்து, பன்னிரண்டு நாள் வேலை நின்றது. நாங்கள் பார்த்த வழிக்கும் சாமான் போன வழிக்கும் பெயர் ஒன்றுதான், ஆனால் அது வேறு வழி. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் அந்த லோரி கண்முன் வந்து நிற்கும்.

சரி, போருக்கு வருவோம். இந்தியாவில் இருந்து வந்த பிரிட்டிஷ் படை, அப்போது துருக்கியர் ஆண்ட அந்த நாட்டில், 1914 நவம்பர் 6 அன்று ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் ஃபாவ் என்ற இடத்தில் இறங்கியது. அன்றைக்கு நோக்கம் சின்னது. பக்கத்தில் பாரசீகப் பக்கம் அபதான் தீவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, அதையும் குழாய்ப் பாதையையும் காக்க வேண்டும், பாஸ்ராவைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் கடைசி வாரத்துக்குள் பாஸ்ரா கைக்கு வந்துவிட்டது. டிசம்பர் 9 அன்று இரண்டு ஆறும் சேருகிற குர்னாவும் வந்துவிட்டது. இதுவரை கடலில் ஓடுகிற பெரிய கப்பலே உள்ளே வரக்கூடிய ஆழம். அதனால் யாருக்கும் சிரமம் தெரியவில்லை.

1915 வசந்தத்தில் வெள்ளம் வந்தது. பாஸ்ராவுக்கு மேற்கே ஷைபா என்ற இடத்தில் இருந்த காவல் படைக்கும் நகரத்துக்கும் நடுவில் மைல் கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றது. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனார்கள், சாப்பாடும் குண்டும் பெல்லம் என்கிற உள்ளூர்ப் படகில் போயின. ஏப்ரல் 12 முதல் 14 வரை அங்கே நடந்த சண்டை, தண்ணீருக்கு அப்பால் காய்ந்த தரையில் நடந்தது. கடைசியில் துருக்கியர் பின்வாங்கியதற்குக் கானல் நீரும் ஒரு காரணம் என்பார்கள். தூரத்தில் வந்துகொண்டிருந்த வண்டிக் கூட்டம் கானலில் பெருத்துத் தெரிய, புதுப் படை வருகிறது என்று அவர்கள் நினைத்துவிட்டார்களாம். ஒரே வாரத்தில் ஒரே படை படகில் போய்ப் பாலையில் சண்டை போட்டது.

அடுத்தது இன்னும் விசித்திரம். குர்னாவுக்கு வடக்கே முழுக்க வெள்ளக்காடு, நடுவில் தீவு தீவாக மேட்டு நிலம், அந்த மேடுகளில் துருக்கியரின் பதுங்குகுழிகள். டவுன்ஷெண்ட் என்ற தளபதி தன் காலாட்படையை நூற்றுக்கணக்கான பெல்லம் படகுகளில் ஏற்றினார். பெல்லம் என்பது கழி ஊன்றித் தள்ளுகிற நீள ஒல்லிப் படகு, நம்முடைய வள்ளம் போல. பஞ்சாபிலும் மராட்டியத்திலும் இருந்து வந்த விவசாயப் பிள்ளைகள் வாரக்கணக்கில் கழி ஊன்றிப் பழகினார்கள். சில படகுகளுக்கு முன்னால் இரும்புத் தகடு கட்டினார்கள், மலைப் பீரங்கியைத் தெப்பத்தில் ஏற்றினார்கள். 1915 மே 31 அன்று இந்தப் படகுப் படை நாணலைப் பிளந்துகொண்டு போய் மேடு மேடாகப் பிடித்தது. எதிரி ஓட ஆரம்பித்ததும் டவுன்ஷெண்ட் ஒரு சின்னப் போர்ப்படகில் துரத்திக்கொண்டே போய், ஜூன் 3 அன்று நூறு பேர் அளவில் மட்டும் கூட வைத்துக்கொண்டு அமாரா நகரத்தையும் அங்கிருந்த ஆயிரக்கணக்கான துருக்கிச் சிப்பாய்களையும் சரணடைய வைத்தார். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்று நம் ஊரில் சொல்வது அங்கே அன்றாட வேலையாக இருந்தது.

இந்த வெற்றிதான் பின்னால் வந்த அழிவுக்கு விதை என்று நான் நினைக்கிறேன். வெள்ளம் இருந்த மாதத்தில் கிடைத்த வேகத்தை எல்லா மாதத்துக்கும் பொதுவான வேகமாக எடுத்துக்கொண்டார்கள். ஜூலையில் யூப்ரடீஸ் பக்கம் நசிரியா, செப்டம்பர் கடைசியில் டைகிரிஸ் பக்கம் குட் அல்-அமாரா. ஒவ்வொன்றும் கிடைக்கக் கிடைக்க, அடுத்தது இன்னும் கொஞ்சம் தூரம்தானே என்ற பேச்சு. குட்டில் இருந்து பாக்தாத் தரை வழியாக 160 கிலோமீட்டர் அளவுதான். ஆறு பாம்பு மாதிரி வளைவதால் படகு வழியில் அது இரட்டிப்புக்கும் மேல். பாஸ்ராவில் இருந்து பாக்தாத்துக்கு ஆற்று வழி சுமார் 800 கிலோமீட்டர். என் அக்கா மகன் பார்த்தது நேர்கோடு. சாமான் போனது அந்த 800 கிலோமீட்டரில்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் எல்லாமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒரு ஸ்டீமர் பாஸ்ராவில் ஏற்றி முன்னணிக்குப் போய் இறக்கித் திரும்ப 14 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரு ஸ்டீமர் சாமான் முன்னணிக்குச் சேர வேண்டுமானால் 14 ஸ்டீமர் வேண்டும். படை முன்னேறி, போய்வர 20 நாள் ஆகிவிட்டால், அதே 14 ஸ்டீமரை வைத்துக்கொண்டு பத்து நாளில் ஏழு நாள்தான் சாமான் சேரும். அதாவது ஒரு சண்டையிலும் தோற்காமல், ஒரு படகையும் இழக்காமல், ஜெயித்துக்கொண்டே போனதாலேயே சாப்பாட்டில் பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. தூரம் கூடும்போது ஆளும் கூடுகிறது, பிடித்த ஊருக்கெல்லாம் காவல் போட வேண்டியிருக்கிறது, காயம்பட்டவர்களைத் திருப்பி அனுப்பவும் அதே படகுதான். ஆறு இறங்கும் மாதமானால் ஒவ்வொரு படகிலும் பாதிச் சுமைதான் ஏற்ற முடியும். அமாராவுக்குக் கீழே ஆறு ரொம்பக் குறுகிப்போகிற ஒரு நீண்ட பகுதி உண்டு, அங்கே எதிரும் புதிருமாக இரண்டு ஸ்டீமர் தாண்ட முடியாது, ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும்.

படகு இல்லாவிட்டால் தரை வழியாகக் கழுதையில் அனுப்பக் கூடாதா என்று கேட்கலாம். கோவேறு கழுதை ஒன்று சுமார் 70 கிலோ சுமக்கும். வழியில் புல் கிடையாது, அதனால் அதன் தீனியையும் அதுவேதான் சுமக்க வேண்டும், தானியமும் வைக்கோலுமாக நாளைக்கு ஏழு கிலோ என்று வையுங்கள். ஐந்து நாள் போய் ஐந்து நாள் திரும்பினால் சுமந்தது முழுவதையும் அதுவே தின்று தீர்த்திருக்கும், முன்னணிக்கு ஒரு கைப்பிடி அரிசி சேராது. இரண்டு பக்கமும் பார்ஜ் என்கிற தட்டைச் சுமைப்படகுகளைக் கட்டிக்கொண்டு போகும் ஸ்டீமர் 300 டன் கொண்டுபோனால், அது 4,000 கழுதைக்கும் மேலான சுமை. அதனால்தான் அந்த நாட்டில் ஆறு ஒன்றுதான் சாலை. பாலைவனத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக்கூட, ஆற்றங்கரையில் இருந்து எத்தனை நாள் நடை என்பதுதான் முடிவு செய்தது.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி பாஸ்ரா துறைமுகம். 1914இல் அங்கே பெரிய கப்பல் ஒட்டி நிற்க ஒரு படித்துறை இல்லை. கப்பல் நடு ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கும், சாமானை உள்ளூர்ப் பாய்மரப் படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். பினாங்கில் பழைய ஆட்களுக்கு இது தெரியும், தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே கப்பல் நிற்க, தொங்கான் போய் மூட்டை மூட்டையாக இறக்கிவந்த காலம். ஒரு ஊருக்கு அரிசியும் துணியும் இறக்க அது போதும். ஒரு முழுப் படைக்குக் குதிரையும் பீரங்கியும் வெடிமருந்தும் வைக்கோலும் இறக்க அது எப்படிப் போதும்? கப்பல்கள் வாரக்கணக்கில் இறக்க முடியாமல் வரிசையில் நின்றன. இறங்கிய சாமானும் எந்த மூட்டை எந்தப் படைக்கு என்று தெரியாமல் வெள்ளக் கரையில் குவிந்து கிடந்தது. ஆற்று ஸ்டீமர் கூடுதலாக வேண்டும் என்று 1915இலேயே பாஸ்ராவில் இருந்து கேட்டுவிட்டார்கள். கடிதம் போய், செலவுக் கணக்குப் பார்த்து, ஒப்புதல் வந்து, கட்டி முடித்து வருவதற்குள் போரின் போக்கே மாறிவிட்டது. இந்தியாவில் இருந்து அனுப்பிய தட்டை அடி ஆற்றுப் படகுகளில் பல, கடல் அலை தாங்காமல் வழியிலேயே மூழ்கின. ஆறுக்காகக் கட்டியது கடலில் எப்படிப் பிழைக்கும்?

இந்த நிலையில்தான் பாக்தாத்துக்குப் போக முடிவெடுத்தார்கள். குட்டோடு நின்றுகொள்ளலாம் என்று டவுன்ஷெண்டே எழுதியிருந்தார். மேலே இருந்த தளபதி நிக்சனும், இந்திய அரசும், லண்டனும் போகச் சொன்னார்கள். 1915 நவம்பர் 22 அன்று பாக்தாத்துக்குத் தெற்கே டெசிஃபோனில் சண்டை. 4,500 பேருக்கும் மேல் இறந்தும் காயம்பட்டும் போனார்கள், படையில் மூன்றில் ஒரு பங்கு. எதிரி வரிசையின் முன்பகுதியைப் பிடித்தும் அதைத் தக்கவைக்கப் பின்னால் ஆள் இல்லை. காயம்பட்டவர்களை ஸ்பிரிங் இல்லாத கழுதை வண்டியில், கட்டாந்தரையில், கிலோமீட்டர் கணக்கில் குலுக்கிக்கொண்டு ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அவர்களுக்கென்று மருத்துவப் படகு இல்லை. சாமான் கொண்டுவந்த பார்ஜில், திறந்த தளத்தில், படுக்கையும் போர்வையும் இல்லாமல் இரண்டு வாரம் அளவில் பயணம். மெஜிதியே என்ற ஸ்டீமர் அப்படிப் பாஸ்ராவுக்கு வந்து சேர்ந்தபோது கரையில் இருந்து பார்த்த மேஜர் கார்ட்டர் என்ற மருத்துவர், படகின் பக்கங்களில் கயிறு தொங்குவதாக நினைத்தாராம். கிட்டே வந்தபோதுதான் அது நாள்கணக்கில் கழுவப்படாத மனித மலம் என்று தெரிந்தது. அவர் அதை எழுதி அனுப்பியதற்கு மேலதிகாரிகளிடம் மிரட்டல்தான் கிடைத்தது. கடைசியில் அந்தச் சாட்சியம் விசாரணைக் குழுவின் அறிக்கையில் ஏறி, 1917இல் அது வெளிவந்ததும் இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லைன் பதவி விலகினார்.

பின்வாங்கிய படை டிசம்பர் 3 அன்று குட்டுக்குள் போனது. மூன்று பக்கமும் ஆறு வளைந்து சூழ்ந்த சின்ன ஊர். நான்கே நாளில் முற்றுகை. சேற்றில் கால் புதைந்த யானை எவ்வளவு பெரியதாக இருந்து என்ன?

அடுத்து நடந்தது சாமான் கணக்குத் தெரிந்த எவனையும் உலுக்கும். உள்ளே எத்தனை நாள் உணவு இருக்கிறது என்று டவுன்ஷெண்ட் முதலில் அனுப்பிய கணக்கு மிகக் குறைவானது. அதை நம்பி, மீட்க வந்த படை அரைகுறையாக, வந்து இறங்கிய பிரிவுகளை ஒட்டுப்போட்டு, ஜனவரி மழையில் அவசர அவசரமாகத் தாக்கியது. ஷேக் சாத், வாடி, ஹன்னா என்று ஒரே மாதத்தில் மூன்று சண்டை, ஆயிரக்கணக்கில் சாவு. ஜனவரி கடைசியில்தான் ஊருக்குள் வீடு வீடாகத் தேடி, பதுக்கியிருந்த தானியத்தை எடுத்து, இன்னும் எண்பது நாளுக்கு மேல் தாங்கும் என்று புதுக் கணக்கு வந்தது. கிடங்கில் இருப்பு எவ்வளவு என்று முதல் நாளே எண்ணியிருந்தால் அந்த ஜனவரியே தேவைப்பட்டிருக்காது.

மீட்புப் படைக்கு வலது பக்கம் சுவைகியா என்ற பெரும் சதுப்பு, இடது பக்கம் ஆறு, நடுவில் ஒடுக்கமான தரை. சுற்றிப் போக வழி இல்லை, நேராக முட்ட வேண்டியதுதான். காற்று திசை மாறி வீசினால் சதுப்பின் தண்ணீர் நகர்ந்து பதுங்குகுழிக்குள் வந்துவிடும், சண்டை போட்டுக்கொண்டே வெள்ளத்தோடும் மல்லுக்கட்டினார்கள். இதே நேரத்தில் பாஸ்ராவில் பத்தாயிரத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் பீரங்கிகளோடு வந்து இறங்கி, மேலே போகப் படகு இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மார்ச் 8 அன்று துஜைலாவில் நடந்த மீட்புத் தாக்குதலில் அவர்களும் கூட இருந்திருந்தால் என்று இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. ஏப்ரலில் ஜுல்நார் என்ற ஸ்டீமரில் 270 டன் உணவை ஏற்றி இரவில் ஓட்டிப் பார்த்தார்கள், ஆற்றுக்குக் குறுக்கே கட்டியிருந்த வடத்தில் மாட்டிக்கொண்டது. விமானத்தில் இருந்து மூட்டைகளைப் போட்டார்கள். போர் வரலாற்றிலேயே அப்படி உணவு போட்டது அதுதான் முதல் தடவை என்பார்கள், ஆனால் இரண்டு வாரத்தில் சேர்ந்தது மொத்தம் ஏழெட்டு டன். 147 நாள் முற்றுகைக்குப் பின் 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். அவர்களை மீட்கப் போய் மடிந்தும் காயம்பட்டும் போனவர்கள் 23,000 பேர்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குட்டில் அடைபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு பெரிபெரி (நரம்பு தளர்ந்து கால் வீங்கும் சத்துக்குறை நோய்) வந்தது, இந்தியச் சிப்பாய்களுக்கு ஸ்கர்வி (ஈறில் ரத்தம் கசியும் சத்துக்குறை நோய்) வந்தது. ஒரே ஊர், ஒரே முற்றுகை, இரண்டு நோய். வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டது தவிடு நீக்கிய வெள்ளை மாவு, இந்தியர்களுடையது முழுக் கோதுமை ஆட்டா, அதனால் அவர்கள் பெரிபெரிக்குத் தப்பினார்கள். ஆனால் காய்கறி இல்லை, குதிரை இறைச்சியை அவர்களில் பலர் தொடவில்லை, அதனால் ஸ்கர்வி. பெரிபெரிக்கும் தீட்டிய தானியத்துக்கும் உள்ள தொடர்பு அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே நம் கோலாலம்பூரில் ஆராயப்பட்டது. 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பிறகு அங்கிருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃப்ரேசரும் ஸ்டாண்டனும், அரிசியைத் தீட்டும்போது போய்விடுகிற ஒரு பொருள் கிடைக்காததுதான் நோய்க்குக் காரணம் என்று காட்டினார்கள். தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டி புழுங்கல் அரிசி தின்றதால் சீனச் சுரங்கத் தொழிலாளர் அளவுக்கு அந்த நோயில் சாகவில்லை. படையெடுப்புத் திட்டத்தில் “உணவு இத்தனை டன்” என்று எழுதினால் போதாது, அது எந்த மாவு என்பதும் திட்டம்தான்.

துருக்கியர் தரப்புக்கும் இதே தலைவலி. அவர்களுடைய ரயில் பாதை மலைகளில் பாதியில் நின்றது. அதனால் ஊதிய ஆட்டுத்தோல்களை அடியில் கட்டிய கெலெக் என்கிற தெப்பங்களில் ஆற்று ஓட்டத்தோடு சாமானை மிதக்க விட்டார்கள். குஃபா என்று ஒரு வட்டப் படகும் உண்டு, நாணலில் பின்னித் தார் பூசியது, ஒகேனக்கல்லில் ஓடுகிற நம் பரிசலேதான். அவர்களுக்கு ஒரு வசதி, ஆறு அவர்களுக்குச் சாதகமாக ஓடியது. ஏற்றியதை நீரோட்டமே கொண்டுபோய்ச் சேர்த்தது. பிரிட்டிஷார் ஒவ்வொரு மூட்டையையும் ஓட்டத்துக்கு எதிராகத் தள்ள வேண்டியிருந்தது.

குட் விழுந்த பிறகுதான் உண்மையான திட்டமிடல் தொடங்கியது. ரங்கூன் துறைமுகத்தை நடத்திய ஜார்ஜ் புக்கானனை அதற்குச் சற்று முன்பே கூப்பிட்டிருந்தார்கள், முதலில் அவருக்கு அதிகாரமே சரியாகக் கொடுக்கவில்லை. பாஸ்ராவுக்கு மேலே மகீலில் பெரிய கப்பல் நேராக ஒட்டி நிற்கும் படித்துறைகள் எழுந்தன. ஆற்றுப் போக்குவரத்துக்குத் தனிப் படைப்பிரிவு வந்தது. 1916 முடிவதற்குள் பாஸ்ராவில் இருந்து நசிரியாவுக்கு மீட்டர் கேஜ் ரயில், நம் கேடிஎம் ஓடுகிற அதே அகலம். குர்னாவில் இருந்து அமாராவுக்கு இன்னொரு பாதை, ஆறு ஒடுங்குகிற அந்தப் பகுதியைத் தாண்டிப் போவதற்காக. ஆகஸ்டில் பொறுப்பேற்ற ஜெனரல் மாட் நான்கு மாதம் ஒரு பெரிய சண்டையும் போடவில்லை. மருத்துவமனை, கிடங்கு, படகு, தண்டவாளம் என்று இதே வேலை. லண்டனில் பொறுமை போயிருக்கும், ஆனால் எனக்கு இந்தக் கதையில் பிடித்த மாதங்கள் அவைதான்.

டிசம்பர் நடுவில் நகரத் தொடங்கினார், வெள்ளம் வருவதற்கு முன்பு மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டு. 1917 பிப்ரவரி 23 விடியலில், குட்டுக்கு மேலே ஷும்ரான் வளைவில், மூன்று இடத்தில் துடுப்புப் படகில் ஆற்றைக் கடந்தார்கள். இரண்டு இடத்தில் படகுகள் சல்லடையாகி நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு இடம் பிடித்துக்கொண்டது. அந்த ஒன்றுக்குப் பின்னால், கிட்டத்தட்ட 300 மீட்டர் அகலமான பெருக்கெடுத்த ஆற்றின் மேல், அன்று மாலைக்குள் மிதவைப் பாலம் கட்டி முடித்தார்கள். மிதவைகள் எல்லாம் வண்டியில் ஏறித் தரை வழியாக வந்தவை. கடந்த 14ஆம் டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்கள் என்கிற, பாலமும் பாதையும் கட்டும் பொறியாளர் படையின் இரண்டு கம்பெனிகள் இருந்தன. இந்திய ராணுவத்தில் இன்றைக்கும் “தம்பி” என்று அழைக்கப்படுகிறவர்கள், தமிழும் தெலுங்கும் பேசிய பிள்ளைகள். அந்தத் திட்டம் கைகூடியது இப்படிப்பட்டவர்களின் தோளில்தான். மார்ச் 11 அன்று பாக்தாத்.

பாலைவனம் அப்போதும் விடவில்லை. மார்ச்சில் துருக்கியர் யூப்ரடீஸ் கரையை உடைத்து வெள்ளத்தைத் திருப்பி விட்டார்கள், பாக்தாத்துக்கு மேற்கே காய்ந்த தரை ஏரியானது. நான்கே மாதம் கழித்து, ஜூலை வெயிலில் ரமாதியைத் தாக்கப் போன படையில் விழுந்தவர்களில் பாதிக்கும் மேல் குண்டு பட்டு விழவில்லை, சூட்டில் விழுந்தார்கள். செப்டம்பர் கடைசியில் போனபோது அதே ரமாதி இரண்டு நாளில் கிடைத்தது. மாட் அந்த நவம்பரில் பாக்தாத்திலேயே காலராவில் இறந்தார்.

படகுக் கணக்கு ஏதோ தூர தேசத்துச் சங்கதி என்று அக்கா மகன் நினைக்கக் கூடாது. 1941 டிசம்பரில் பிரிட்டிஷார் பினாங்கை விட்டு ஓடியபோது துறைமுகத்தில் இருந்த சின்னப் படகுகளை அழிக்காமல் விட்டுப்போனார்கள். ஜப்பானியர் அவற்றை எடுத்துக்கொண்டு மேற்குக் கரையோரமாக இறங்கி, பேராக்கிலும் சிலாங்கூரிலும் தற்காப்பு வரிசைகளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். ரப்பர் காடும் சதுப்பும் ஆறுமாக இருந்த தீபகற்பத்தில் சாலையை மட்டும் காத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பத் திரும்பப் பின்வாங்க வேண்டியதானதற்கு நம் ஜெட்டியில் கட்டிக் கிடந்த அந்தப் படகுகளும் ஒரு காரணம்.

மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போனவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் உண்டு. 40,000 பேருக்கும் மேல். அதில் பிரிட்டிஷாருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும். அதை முதலில் வைத்திருந்தது மகீலில், அந்தப் படித்துறையிலேயே, கப்பல் ஒட்டி நிற்கிற இடத்தில். 1997இல் அன்றைய ஈராக் அரசு அதைக் கழற்றி, நசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளி, பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தது. இப்போதும் அங்கேதான் நிற்கிறது.